குடிநீரும் குடியிருப்பு நெரிசலும்: நகரச் சுகாதாரக் கண்காணிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்ணீர் மாதிரி எடுக்கவும் குடியிருப்புகளைப் பார்வையிடவும் போகிற இடங்களில், மாடிப்படியிலும் குழாயடியிலும் நின்றுகொண்டு மக்கள் கேட்ட கேள்விகள் இவை. இடம் மாறினாலும் ஐயங்கள் மாறவில்லை என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

தண்ணீர் ஒரு துறை, வீடு இன்னொரு துறை. இரண்டையும் ஏன் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள்?

அலுவலகத்தில் அவை இரண்டு கோப்புகள்தான். நோய்க்கு அந்தப் பிரிவினை தெரியாது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நல்ல நிலையில் கிளம்பிய தண்ணீர், ஒரே அறையில் எட்டுப் பேர் வாழும் வீட்டுக்குள் வந்து, மூடியில்லாத டிரம்மில் இரண்டு நாள் கிடந்து, எல்லோர் கையும் படும் ஒரே குவளையால் மொள்ளப்படுகிறது. அந்த வாரம் ஆய்வகம் தண்ணீர் சுத்தமாக இருப்பதாக அறிக்கை தருகிறது. அதே வாரம் அந்த வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. இரண்டும் உண்மை. நிலையத்தோடு நின்றுவிடும் கண்காணிப்பின் கண்ணில் முதலாவது மட்டுமே படும்.

இப்படிச் சேர்த்துப் பார்ப்பது புதிதும் அல்ல. 1847இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம் வில்லியம் ஹென்றி டங்கன் என்ற மருத்துவரை நகரச் சுகாதார அலுவலராக நியமித்தது. பிரிட்டனில் அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள் அவர்தான். வடிகால் இல்லாத முற்றங்களும் நிலவறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்த குடும்பங்களும் அவர் முன்னால் ஒரே பிரச்சினையாகத்தான் வந்து நின்றன.

தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது. பிறகு எதற்குச் சோதனை?

1854இல் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது, அங்கிருந்த அடிபம்பின் தண்ணீருக்கு நல்ல பெயர் இருந்தது. ஹாம்ஸ்டெட் பகுதிக்கு வீடு மாறிப்போன ஒரு மூதாட்டி, அந்தத் தண்ணீரின் சுவைக்காகவே தினமும் அதை வண்டியில் வரவழைத்துக் குடித்துவந்தார். காலராவே இல்லாத பகுதியில் இருந்த அவர் காலராவில் இறந்தார். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் பம்புதான் காரணம் என்று காட்ட முடிந்ததற்கு இந்த மரணம் ஒரு முக்கியச் சான்று. பக்கத்து வீட்டின் மலக்குழி அந்தக் கிணற்றுக்குள் கசிந்திருந்தது பின்னர் தெரியவந்தது.

ஆகவே தெளிவு பாதுகாப்புக்கு அத்தாட்சி ஆகாது. ஆனால் கலங்கல் கட்டாயம் ஒரு எச்சரிக்கை. மண் துகள்களுக்குள் ஒளிந்துகொள்ளும் கிருமியைக் குளோரின் எளிதில் எட்டுவதில்லை. அதனால்தான் குளோரின் சேர்ப்பதற்கு முன் கலங்கல் 1 என்.டி.யு. (கலங்கலை அளக்கும் அலகு) அளவுக்குக் கீழே இருப்பது நல்லது என்கிறார்கள்.

சோதனையில் எல்லாக் கிருமியையும் தேடுவார்களா?

தேட முடியாது, தேடவும் வேண்டியதில்லை. மலம் கலந்ததா என்ற ஒரே கேள்விக்கு விடை தெரிந்தால் போதும். மனிதர், விலங்குகளின் குடலில் ஏராளமாக வாழும் ஈ. கோலை பாக்டீரியா தண்ணீரில் இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்படி 100 மில்லிலிட்டர் குடிநீரில் அது ஒன்றுகூடத் தென்படக் கூடாது. விடை கிடைக்க ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்; அதற்குள் அந்தத் தண்ணீரை மக்கள் குடித்து முடித்திருப்பார்கள். அதனால்தான் அந்த இடத்திலேயே ஓரிரு நிமிடங்களில் பார்க்கக்கூடிய எஞ்சிய குளோரின் அளவை நான் அதிகம் நம்பியிருக்கிறேன்.

குளோரின் வாடை அடித்தால் தண்ணீர் கெட்டுவிட்டது என்றுதானே பொருள்?

பெரும்பாலும் நேர்மாறு. சுத்திகரிப்பில் சேர்த்த குளோரின் கிருமிகளைக் கொன்றது போக மீதி இருந்து, வழியில் புதிதாக ஏதேனும் கலந்தால் அதையும் ஓரளவு சமாளிக்கிறது. நிலையத்தில், குறைந்தது 30 நிமிடம் கலந்து நின்றபின், லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். வீட்டுக் குழாயை அடையும்போது 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும். சிறு கண்ணாடிக் குப்பியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து டி.பி.டி. மாத்திரையைப் போட்டால் இளஞ்சிவப்பு நிறம் எழும். அதை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். நிறம் எழவே இல்லையென்றால் நான் அந்தத் தெருவில் அடுத்த குழாயையும் அதற்கடுத்த குழாயையும் பார்ப்பேன்.

தனி அளவைவிட மாற்றம் அதிகம் பேசும். எப்போதும் 0.5 காட்டிவந்த குழாய் இன்று பூஜ்யம் காட்டினால், வழியில் எதுவோ குளோரினைத் தின்றுவிட்டது. அந்த எதுவோ பெரும்பாலும் சாக்கடையாக இருக்கும். குளோரின் கரிமப் பொருள்களோடு சேர்ந்து உண்டாக்கும் துணைப்பொருள்களைப் பற்றிய கவலை நியாயமானது. அதைத் தண்ணீரை முன்கூட்டியே நன்றாக வடிகட்டிக் குறைக்க வேண்டுமே தவிர, குளோரினை நிறுத்திக் குறைக்கக் கூடாது.

நிலையத்தில் சரியாக இருந்தால் வீட்டுக் குழாயிலும் சரியாகத்தானே இருக்கும்?

நாள் முழுவதும் அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும் நகரத்தில் ஏறக்குறைய அப்படித்தான். குழாயில் விரிசல் இருந்தாலும் உள்ளேயிருந்து வெளியேதான் கசியும். சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் நகரத்தில் கதை வேறு. விநியோகம் நின்றதும் குழாய் காலியாகிறது, அழுத்தம் விழுகிறது, வெளியே தேங்கி நிற்பதை அதே விரிசல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பல இடங்களில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒரே பள்ளத்தில் ஒட்டிப் படுத்திருக்கின்றன. தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சும் ஒவ்வொரு வீடும் இந்த இழுப்பைக் கூட்டுகிறது. உறிஞ்சுபவருக்கும் அந்தக் கழிவில் பங்கு உண்டு என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

தண்ணீர் வந்த முதல் சில நிமிடங்களின் நிறத்தையும் வாடையையும் கவனியுங்கள். அந்த முதல் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காமல் தரை கழுவ ஒதுக்குவது நல்லது. நெரிசலான குடியிருப்பில் இதுவும் எளிதல்ல. இருபது குடும்பத்துக்கு ஒரு குழாய் என்றால் முதல் குடத்தைக் கொட்டச் சொல்ல எனக்கே நா எழுவதில்லை.

மாதிரி எடுக்க வந்தவர் குழாய் வாயை நெருப்பால் சுட்டார். கிருமியைக் கொன்றுவிட்டுச் சோதிப்பது ஏமாற்று வேலை இல்லையா?

நல்ல கேள்வி, பாதி நியாயமும் உண்டு. அவர் அறிய விரும்பியது தெருவில் ஓடும் குழாயின் தண்ணீரை. குழாய் வாயில் ஒட்டியிருக்கும் அழுக்கு அந்த விடையைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக, ரப்பர் குழாயைக் கழற்றி, வாயைத் துடைத்து, சுட்டு, சற்று நேரம் தண்ணீரை ஓடவிட்டுப் பிடிக்கிறார். கிருமி நீக்கிய குப்பியின் மூடியைக் கீழே வைக்காமல் விரல்களுக்கிடையில் பிடித்திருப்பதையும் கவனித்திருப்பீர்கள். குப்பியின் அடியில் இருக்கும் சிட்டிகை சோடியம் தயோசல்ஃபேட், எஞ்சிய குளோரினை அந்தக் கணமே முறித்துவிடும். இல்லாவிட்டால் போகிற வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்று, பிடித்தபோது இருந்த நிலையை மறைத்துவிடும். பிறகு பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, முடிந்தால் ஆறு மணி நேரத்துக்குள்ளும் தவறினால் ஒரு நாளுக்குள்ளும் ஆய்வகம் சேர்க்க வேண்டும்.

ஆனால் நீங்கள் குடிப்பது சுட்ட குழாயின் தண்ணீரை அல்ல. அதை அறிய, குழாயைச் சுடாமல் ஒரு மாதிரியும், மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒன்றும், சமையலறையில் நீங்கள் மொண்டு குடிக்கும் பாத்திரத்திலிருந்து ஒன்றும் எடுக்க வேண்டும். இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தண்ணீர் எந்த இடத்தில் கெட்டது என்று விளங்கிவிடும். முதல் மாதிரியோடு திரும்பிப் போகிறவர்தான் அதிகம் என்பது என் வருத்தம்.

டி.டி.எஸ். மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். அது போதாதா?

போதாது. அது கரைந்த உப்புகளின் அளவை மட்டும் கணக்கிடுகிறது. சாக்கடை கலந்த தண்ணீருக்கு மீட்டர் நல்ல எண்ணைக் காட்டலாம். உப்புக்கரிக்கும் சுத்தமான கிணற்று நீருக்குக் கெட்ட எண்ணைக் காட்டலாம். சுவையை அறிய வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ஓர் அறையில் ஆறு பேர் இருக்கிறோம். இதை நெரிசல் என்று சொல்வார்களா?

எந்த அளவுகோலை எடுத்தாலும் சொல்வார்கள். ஓர் அறைக்கு மூன்று பேருக்கு மேல் போனால் போதிய இடமில்லை என்று ஐ.நா. வாழிடத் திட்டம் கணக்கிடுகிறது. சில நாடுகள் ஆளுக்கு இத்தனை சதுர மீட்டர் என்று வைத்திருக்கின்றன. சில நாடுகள் வயதையும் பாலையும் பார்த்து எத்தனை படுக்கையறை தேவை என்று கணக்கிடுகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதல்களில், நெரிசலைத் தடுக்கவும் குறைக்கவும் அரசுகள் திட்டம் வகுக்க வேண்டும் என்பது வலுவான பரிந்துரையாக இடம்பெற்றிருக்கிறது.

எண் மட்டும் முழுக்கதையைச் சொல்வதில்லை. எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் உள்ள அறையில் நால்வர் இருப்பதும், ஜன்னலே இல்லாத அறையில் நால்வர் இருந்துகொண்டு அதிலேயே சமைப்பதும் ஒன்றல்ல. இரவுப் பணிக்குப் போகிறவரும் பகல் பணிக்குப் போகிறவரும் ஒரே படுக்கையை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் அறையில், எந்த நேரம் போய் எண்ணினாலும் பாதிப் பேர்தான் இருப்பார்கள். நான் ஆட்களோடு சேர்த்து, சுவரில் மாட்டியிருக்கும் பைகளையும் வாசலில் கிடக்கும் செருப்புகளையும் எண்ணுவேன்.

நாங்கள் எல்லாம் பத்துப் பேர் ஓர் அறையில்தானே வளர்ந்தோம்? எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?

இதைக் கேட்பவர்கள் எல்லோரும் பிழைத்தவர்கள். பிழைக்காதவர்கள் வந்து கேட்பதில்லை. கொஞ்சம் கடுமையாகப் படலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

காசநோயை எடுத்துக்கொள்வோம். நோயாளி இருமும்போது வெளிவரும் நுண்துளிகள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். அவரோடு பேருந்தில் பத்து நிமிடம் போவதால் தொற்றும் வாய்ப்பு சிறிது. காற்றோட்டமில்லாத அறையில் எட்டு மணி நேரம் தினமும் அவர் பக்கத்தில் உறங்குவதால் தொற்றும் வாய்ப்பு பெரிது. தட்டம்மை, மூளைக்காய்ச்சலின் சில வகைகள், சொறிசிரங்கு, தொண்டைப்புண்ணில் தொடங்கி இதய வால்வைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சல் ஆகியவையும் நெரிசலில் கூடுகின்றன. ஜன்னலைத் திறப்பது உண்மையாகவே உதவும், அதிலும் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறினால் மிகவும் உதவும். ஆனால் ஜன்னலுக்கு வெளியே சாக்கடையும் கொசுவும் இருந்தால் யார் திறந்து வைப்பார்கள்?

நெரிசலா, தண்ணீரா, எதை முதலில் சரிசெய்ய வேண்டும்?

நோயைப் பொறுத்தது. 1892இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் காலராவால் 8,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஹாம்பர்க் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் குடித்தது. ஒட்டியே இருந்த ஆல்டோனா நகரம் அதே ஆற்றில், ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகு தண்ணீர் எடுத்தும், மணல் வடிகட்டியால் பெருமளவு தப்பியது. ஹாம்பர்க் எல்லைக்குள்ளேயே இருந்தாலும் ஆல்டோனாவின் தண்ணீரைப் பெற்றுவந்த ஒரு தொழிலாளர் குடியிருப்பில் காலரா வரவில்லை என்பதை ஜெர்மன் நுண்ணுயிரியலாளர் ராபர்ட் கோக் சுட்டிக்காட்டினார். நெருக்கமான குடியிருப்புதான், தண்ணீர் நல்லது. காலராவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

அதே குடியிருப்பைக் காசநோயிலிருந்து அந்தத் தண்ணீர் காப்பாற்றியிருக்காது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது சீதபேதி: ஷிகெல்லா கிருமிகள் நூற்றுக்கும் குறைவாக உள்ளே போனாலே நோய் வரலாம் என்பதால், தண்ணீர் சுத்தமாக இருந்தும் கை கழுவப் போதிய அளவு இல்லாவிட்டால் ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தும் குடும்பங்களுக்குள் அது சுற்றிச்சுற்றி வரும். ஆளுக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 லிட்டர் வரை தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதில் குடிப்பதற்கானது சில லிட்டர்தான், மீதி கழுவுவதற்கு.

நெரிசல் என்று புகார் கொடுத்தால் எங்களையே காலி செய்யச் சொல்லிவிடுவார்களே?

இந்தப் பயம் வீண் அல்ல. 1862 முதல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம் சிறிய வீடுகளை அளந்து, பெரியவர் ஒருவருக்கு 300 கன அடி என்று கணக்கிட்டு, எத்தனை பேர் தங்கலாம் என்ற எண்ணைப் பொறித்த உலோகத் தகட்டைக் கதவில் அறைந்தது. ஆய்வாளர்கள் நள்ளிரவில் கதவைத் தட்டித் தலைகளை எண்ணினார்கள். ஆட்கள் அலமாரிக்குள்ளும் கூரைமேலும் ஒளிந்தார்கள். வாடகைக்குக் கட்டுப்படியாகும் வேறு வீடு இல்லாதபோது, தகட்டால் கூட்டத்தைக் கூரைக்கு ஏற்ற முடிந்தது, கலைக்க முடியவில்லை.

என் கருத்தில், உத்தரவு எப்போதும் வீட்டு உரிமையாளரை நோக்கிப் போக வேண்டும்: இத்தனை பேருக்கு இத்தனை கழிப்பறை, இத்தனை குழாய், அடைத்த ஜன்னலைத் திறப்பது, தொட்டிக்கு மூடி போடுவது. குடியிருப்பவரை வெளியேற்றுவது, கட்டடம் இடிந்து விழும் நிலையில் இருப்பது போன்ற உடனடி ஆபத்தில் மட்டும், மாற்றிடம் தயாரான பிறகு நடக்க வேண்டும். புகார் கொடுத்தவரின் பெயரை உரிமையாளரிடம் சொல்லும் அலுவலகத்துக்கு அடுத்த புகார் வராது. புகார் வராததை நெரிசல் இல்லாததாக அது எழுதிக்கொள்ளும். நீங்கள் புகார் எழுதும்போது எத்தனை பேர் என்பதில் தொடங்காமல், கழிப்பறை, குழாய், காற்று ஆகியவற்றில் எது குறை என்பதில் தொடங்குங்கள். பலர் சேர்ந்து கையெழுத்திடுங்கள்.

தண்ணீரை விநியோகிப்பவரே அதைச் சோதிக்கிறார். அதை எப்படி நம்புவது?

அவர் சோதிக்கத்தான் வேண்டும். தினசரிக் கட்டுப்பாடு அவர் பொறுப்பு. ஆனால் அவருக்கு மேல், அவருக்குக் கட்டுப்படாத இன்னொருவர் தனியாக மாதிரி எடுக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில், பலத்த மழைக்குப் பின் பண்ணைக் கழிவு ஒரு கிணற்றில் கலந்தது. ஊழியர்கள் குளோரினை முறையாக அளக்காமலேயே பதிவேட்டில் எண்களை எழுதிவந்திருந்தார்கள். தண்ணீர் மாசுபட்டிருப்பதைக் கண்ட ஆய்வகம் அதை விநியோக அமைப்புக்கு மட்டும் தெரிவித்தது; சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்கவில்லை. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்று சுகாதாரத் துறையிடம் சொல்லப்பட்டது. ஏழு பேர் இறந்தார்கள்; 2,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள்.

எந்த நகரத்திலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: மாதிரி தவறினால் ஆய்வகம் யாருக்குத் தொலைபேசியில் சொல்லும்?

எல்லாச் சோதனையிலும் தேறிய தண்ணீரால் ஊரே நோயில் விழ முடியுமா?

விழுந்திருக்கிறது. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியால் ஏறத்தாழ நான்கு லட்சம் பேருக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. அதற்குக் குளோரின் பொருட்டே அல்ல, ஈ. கோலை சோதனையும் காட்டிக்கொடுக்காது. ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் கலங்கல் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது மட்டுமே தண்ணீரில் தெரிந்த அடையாளம். மற்றபடி செய்தி வேறு திசையிலிருந்து வந்தது: மருந்துக்கடைகளில் வயிற்றுப்போக்கு மாத்திரைகள் தீர்ந்துபோயின, பள்ளியிலும் வேலையிலும் ஆட்கள் குறைந்தார்கள். தண்ணீரைக் கண்காணிப்பவர் ஆய்வக முடிவுகளோடு மருந்துக்கடைக்காரரின் பேச்சையும் கேட்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டார்கள். எவ்வளவு நேரம்?

தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம். மிக உயரமான மலைப்பகுதியில் மூன்று நிமிடம். மேலே சொன்ன ஒட்டுண்ணியும் இதில் சாகும். ஈயம், நைட்ரேட் போன்றவை போகாது. தண்ணீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். 2014இல் அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரம் நீராதாரத்தை மாற்றி, குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கத் தவறியதால் பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்தபோது, கொதிக்கவைப்பது எந்த வகையிலும் தீர்வாகவில்லை.

ஒற்றை அறையில் ஆறு பேருக்குத் தண்ணீர் கொதிக்கவைப்பது எரிபொருள் செலவு, புகை, தவழும் குழந்தை பக்கத்தில் கொதிக்கும் பாத்திரம் என்று மூன்று சுமை. அங்கே குளோரின் மாத்திரையும் மூடியோடு குழாய் பொருத்திய பாத்திரமும் தருவது நடைமுறைக்கு ஒத்துவரும். சேமித்த தண்ணீர்த் தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள்; டெங்கு பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும்.

எங்கள் தெருவில் மூன்று வீட்டில் ஒரே சமயத்தில் வயிற்றுப்போக்கு. என்ன சொல்ல வேண்டும்?

அன்றே சொல்லுங்கள். எந்தெந்த வீடு, யாருக்கு எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தக் குழாயில் குடித்தார்கள், கடைசியாகத் தண்ணீர் எப்போது வந்தது, நிறமோ வாடையோ மாறியிருந்ததா, அண்மையில் தெருவைத் தோண்டினார்களா என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். குடிப்பதை உடனே நிறுத்துங்கள். ஆனால் மாதிரி எடுக்கும்வரை தொட்டியைக் கழுவவோ குளோரின் கொட்டவோ வேண்டாம். பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதுதான், தடயமும் அதோடு போய்விடுகிறது. நோயுற்றவருக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் உடனே தொடங்கட்டும்.

அறிக்கையில் '98 சதவீதம் தேறியது' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். வேறு என்ன கேட்கலாம்?

தேறாத இரண்டு எங்கே என்று கேளுங்கள். அவை நகரத்தின் இரண்டு மூலைகளில் தற்செயலாக நேர்ந்தவையா, மாதாமாதம் ஒரே சந்தில் தவறுபவையா என்பது சதவீதத்தில் தெரியாது. தவறிய இடத்தில் மறுபடி எப்போது மாதிரி எடுத்தார்கள் என்று கேளுங்கள். எந்த நேரத்தில் எடுத்தார்கள் என்றும் கேளுங்கள், ஏனென்றால் விநியோகம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் மேலே சொன்ன முதல் சில நிமிடங்களின் அழுக்கு அகப்படாது.

பிறகு மாதிரி எடுத்த இடங்களை நகர வரைபடத்தில் புள்ளியாக வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை அப்படி வைத்துப் பார்த்தபோது புள்ளிகள் பெரும்பாலும் அகலமான சாலைகளின் ஓரமாகவே விழுந்திருந்தன; மாதிரிப் பெட்டி ஏற்றிய வண்டி நுழையக்கூடிய இடங்கள் அவை. வண்டி நுழையாத சந்துகளில்தான் ஓர் அறைக்கு ஆறு பேர் இருந்தார்கள். அங்கே ஒரு புள்ளிகூட இல்லை.